காசே இல்லாத ஊரில் திருடன் எதைத் திருடுவான்?

கேட்டது என் சித்தப்பா பையன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எங்கள் வீட்டு மொட்டை மாடி. பாயில் நாலு பேர், நடுவில் ஒரு தட்டுப் பொரி, இருபது பக்கப் பகடை ஒன்று. நாங்கள் ஆடும் கதை விளையாட்டில், புதுக் கதை நடக்கப்போகும் நாட்டை நான் விவரித்துக்கொண்டிருந்தேன். மலைநாடு. நாணயம் கிடையாது, கடைவீதி கிடையாது. எல்லாரும் முறை வைத்து அரசுக்கு உழைப்பார்கள். அரசு களஞ்சியத்திலிருந்து அளந்து கொடுக்கும்.

அவன் ஆடுவது எப்போதும் திருடனாகத்தான். மூன்று வருடமாக வேறு பாத்திரம் எடுத்ததில்லை. கையில் இருந்த தாளைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்க்கா, காசே இல்லாத ஊர்ல நான் என்னத்தத் திருடறது?" என்றான்.

சட்டென்று சொல்ல எனக்குப் பதில் இல்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். அந்தப் பதிலைத் தேடிப் போனதில் எட்டு மாதம் ஓடிவிட்டது. அந்த எட்டு மாதத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒருவர் கதை சொல்லி, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "கதவைத் திறக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கதை சொல்லி சொல்வார். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருளும். கதை சொல்லி நான். வார நாட்களில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். ஆடுகிறவர்கள் என் தங்கை, சித்தப்பா பையன், எங்கள் கம்பெனியில் ஆர்டர் பார்க்கும் மெர்ச்சண்டைசர் அண்ணன், அவர் வீட்டு அண்ணி.

அந்த மலைநாட்டை நான் முதலில் கட்டிய விதம் தப்பு. ஐந்நூறு வருடம் முன்பு தென்னமெரிக்காவில் பெருவைச் சுற்றி ஆண்ட இன்கா பேரரசைப் பின்னணியாக எடுப்பது என்று முடிவு செய்திருந்தேன். ஒரே ராத்திரியில் எழுதி முடித்தேன். படிக்கட்டுப் பிரமிடு, உச்சியில் நரபலி, பூசாரிகளின் தலையில் இறகுக் கிரீடம், கல்லில் செதுக்கிய சித்திர எழுத்து, எங்கு பார்த்தாலும் தங்கம். திரும்பப் படித்தபோது எனக்கே நன்றாக இருந்தது. ஆனால் அந்தப் பிரமிடும் உச்சிப் பலியும் மெக்சிகோவின் அஸ்டெக்குகளுடையவை. அவர்கள் தலைநகரத்துக்கும் இன்காக்களின் தலைநகரமான குஸ்கோவுக்கும் நடுவே 4,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம். சித்திர எழுத்து மாயாக்களுடையது. இன்காக்கள் நம் அர்த்தத்தில் எழுத்து என்று எதையும் வைத்திருக்கவே இல்லை. மூன்று வேறு மக்களை ஒரே பானையில் போட்டுக் கிண்டி, மேலே தங்கத்தைத் தூவியிருந்தேன்.

அது தெரிய வந்தபோது வலித்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு. சில வருடம் முன்பு, வெளிநாட்டில் செய்த ஒரு கணினி விளையாட்டில் "இந்தியா மாதிரியான" ஒரு ராஜ்யம் வந்தது. ஆசையாக உள்ளே போனேன். ராஜஸ்தான் அரண்மனை, வாசலில் பாம்பாட்டி, தூணெல்லாம் தென்னாட்டு யாளி, கதகளி வேஷத்தில் வில்லன். அந்த ஊரில் யார் நெல் விதைக்கிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு இடத்திலும் இல்லை. மனிதர்கள் வாழாத ஊர் அது. அன்று ராத்திரி ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை. நம் வீட்டுச் சாமான்களை எடுத்து, நம்மை விட்டுவிட்டுக் கொலு வைத்த மாதிரி இருந்தது. அதையே நான் பெருவின் மலை மக்களுக்குச் செய்திருந்தேன். எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

இந்த முறை கேள்வியை மாற்றிக்கொண்டேன். அவர்கள் என்ன உடுத்தினார்கள் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவர்களுக்கு என்ன கஷ்டம் இருந்தது, அதை எப்படிச் சமாளித்தார்கள்?

கஷ்டம் என்றால் கொஞ்சநஞ்சமல்ல. குஸ்கோ கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியைப் போல ஒன்றரை மடங்கு. ராத்திரி உறைபனி, பகலில் சுள்ளென்ற வெயில். ஒரு பள்ளத்தாக்கில் மக்காச்சோளம் விளையும், அதற்கு மேலே உருளைக்கிழங்கு மட்டும்தான், அதற்கும் மேலே லாமா என்கிற ஒட்டக இனத்து விலங்கை மேய்க்கலாம், அவ்வளவுதான். சுமை இழுக்க மாடு கிடையாது, குதிரை கிடையாது. வண்டிச் சக்கரம் கிடையாது, இரும்பு கிடையாது. லாமா முப்பது கிலோவுக்கு மேல் வைத்தால் படுத்துவிடும். இதை வைத்துக்கொண்டு, சுமார் 1438-ல் பச்சக்குத்தி என்ற அரசர் காலத்தில் பரவ ஆரம்பித்து, நூறு வருடத்துக்குள் இன்றைய கொலம்பியாவின் தெற்கு முனையிலிருந்து சிலியின் நடுப்பகுதி வரை ஆண்டிருக்கிறார்கள்.

அவர்களுடைய விடை சேமிப்பு. கிழங்கை ராத்திரி உறைபனியில் பரப்பி வைப்பார்கள். பகலில் அது இளகும்போது காலால் மிதித்து ஈரத்தைப் பிழிவார்கள். திரும்பத் திரும்ப இப்படிச் செய்து காய வைத்தால் சுன்யோ என்கிற வற்றல் கிழங்கு கிடைக்கும், வருடக்கணக்கில் கெடாது. மொட்டை மாடியில் வத்தல் போட்டு வளர்ந்த நமக்கு இது உடனே புரியும். அவர்களுக்கு வெயிலோடு பனியும் கை கொடுத்தது, அதுதான் வித்தியாசம். அதைப் போட்டு வைக்க, காற்றோட்டமான மலைச்சரிவில் வரிசை வரிசையாகக் களஞ்சியங்கள். உவானுக்கோ பம்பா என்ற ஒரே ஊரின் மேட்டில் ஏறக்குறைய 500 களஞ்சியங்களைத் தொல்லியல்காரர்கள் எண்ணியிருக்கிறார்கள். பொலிவியாவின் கோச்சபம்பா பள்ளத்தாக்கில், கோட்டபாச்சி என்ற இடத்தில் 2,400. வரி என்று அரசு வாங்கியது உழைப்பை. அதற்குப் பெயர் மித்தா. அவர்கள் பேசிய கெச்சுவா மொழியில் 'முறை' என்று பொருள். நம் பக்கத்தில் ஏரி குளம் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் போன குடிமராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு பேரரசு முழுக்க விரித்தால் இது.

சரி, இத்தனை ஆள், இத்தனை மூட்டை, இத்தனை ஊர். எழுத்தில்லாமல் இதற்கு யார் கணக்கு வைத்தார்கள்?

இங்கேதான் நான் விழுந்தேன். கணக்குப் பிள்ளை வேலை பார்க்கிறவள் இல்லையா. இன்காக்கள் கயிற்றில் கணக்கு வைத்தார்கள். கிப்பு என்று பெயர், அந்தச் சொல்லுக்கே முடிச்சு என்றுதான் அர்த்தம். ஒரு தாய்க்கயிறு, அதிலிருந்து தொங்கும் கிளைக்கயிறுகள், பெரும்பாலும் பருத்தி. ஒவ்வொரு கிளையிலும் கீழ் நுனியில் ஒன்றின் இடம், அதற்கு மேலே பத்தின் இடம், அதற்கும் மேலே நூறு. பத்துக்கும் நூறுக்கும் சாதா முடிச்சுகள், எத்தனையோ அத்தனை. ஒன்றின் இடத்தில் மட்டும் இரண்டிலிருந்து ஒன்பது வரை ஒரே நீள முடிச்சு, அதில் எத்தனை சுற்று இருக்கிறதோ அதுதான் எண். ஒன்று என்றால் எட்டு வடிவ முடிச்சு, ஏனென்றால் நீள முடிச்சில் ஒரே சுற்று போட்டால் அது சாதா முடிச்சாகிவிடும். சுழியம் என்றால் அந்த இடம் வெறுமை. இந்தப் பத்தடிமான முறையை லேலண்ட் லாக் என்ற அமெரிக்கர் 1912-ல் விளக்கிக் காட்டினார். சில கிப்புகளில் மேல்நோக்கி ஒரு கயிறு இருக்கும். கீழே தொங்குகிற கயிறுகளின் கூட்டுத்தொகை அதில் முடிந்திருக்கும்.

கூட்டுத்தொகை! இதைப் படித்தபோது இருந்த இடத்தில் எழுந்து நின்றுவிட்டேன். மாதக் கடைசியில் ராத்திரி பத்து மணி வரை டேலி ஆகாமல் நான் தேடுகிற அதே மொத்தத்தை, ஐந்நூறு வருடம் முன்னால் ஆண்டிஸ் மலையில் ஒருவர் கயிற்றில் தேடியிருக்கிறார். லிமா நகரத்துக்குப் பக்கத்தில் புருச்சுக்கோ என்ற இடத்தில் கிடைத்த கிப்புகளில், கீழ்மட்டக் கயிறுகளின் மொத்தம் அடுத்த மட்டக் கயிற்றுக்கு ஏறியிருப்பதை 2005-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஊர்க் கணக்கு வட்டக் கணக்குக்கு ஏறுகிற மாதிரி.

மெர்ச்சண்டைசர் அண்ணனிடம் படத்தைக் காட்டினேன். நூலிலேயே வாழ்கிற மனிதர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "ஏன் அம்மிணி, இது எஸ் ட்விஸ்ட்டா இசட் ட்விஸ்ட்டா?" என்று கேட்டார். ஆய்வாளர்களும் அதைத்தான் ஒவ்வொரு கயிறாகக் குறித்து வைக்கிறார்கள், முறுக்கு எந்தப் பக்கம், முடிச்சு எந்தப் பக்கம் சாய்கிறது என்று. எண்ணுக்கு அப்பால் அதில் வேறு சேதியும் இருக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். முழுதாக யாரும் இன்னும் படித்து முடிக்கவில்லை. மறுநாள் அண்ணன் சாம்பிள் நூலில் மிச்சமிருந்ததை நாலு நிறத்தில் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒரு கயிற்றுக் கணக்கு முடிந்தேன். முதலில் விரல் வலித்தது, அப்புறம் கை தானாகவே போட ஆரம்பித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைத் தம்பி மடியில் வைத்தேன். "இதைத் திருடு" என்றேன்.

அன்றிலிருந்து எங்கள் ஆட்டமே வேறு. எந்தக் களஞ்சியத்தில் எவ்வளவு இருக்கிறது, எந்த ஊர் எத்தனை ஆள் அனுப்ப வேண்டும் என்பது அந்தக் கயிற்றில்தான். அதை வைத்திருப்பவளுக்கு எங்கள் கதையில் முடிச்சுக்காரி என்று பெயர். அண்ணி அந்தப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டார். படைத்தலைவனைவிட அவளைப் பார்த்துத்தான் ஊர் நடுங்குகிறது. இதை நான் உட்கார்ந்து கற்பனை செய்திருந்தால் வந்திருக்காது. காசு இல்லை என்ற ஒன்றை உண்மையாக எடுத்துக்கொண்டதால், கணக்கு முக்கியமானது. கணக்கு முக்கியமானதால் கணக்குக்காரி முக்கியமானாள்.

அடுத்து செத்த ராஜாக்கள். இன்கா அரசர் இறந்தால், பட்டம் மட்டும் ஒரு மகனுக்கு. நிலம், மாளிகை, வேலையாட்கள் எல்லாம் இறந்தவர் பேரிலேயே நிற்கும். மற்ற வாரிசுகள் பனாகா என்ற குடும்பக் கூட்டமாக அதை நிர்வகிப்பார்கள். பாடம் செய்த உடலுக்குச் சாப்பாடு படைப்பார்கள், உடுப்பு மாற்றுவார்கள், விழா நாளில் சதுக்கத்துக்குத் தூக்கி வந்து மற்ற செத்த ராஜாக்களோடு வரிசையாக உட்கார வைப்பார்கள். ஸ்பானியர் நாட்டைப் பிடித்த பிறகு, 1559-ல் போலோ தே ஒந்தேகார்தோ என்ற ஸ்பானிய அதிகாரி ஒளித்து வைத்திருந்த உடல்களைத் தேடிப் பிடித்தார். சில லிமாவுக்குப் போயின. அதற்குப் பிறகு அவை எங்கே என்று இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

வெளியூர்க் கதைகளில் இந்த இடம் வந்தால் பயமுறுத்தும் பேய்க் காட்சியாகிவிடும். எங்கள் மாடியில் ஒருவரும் பயப்படவில்லை. அண்ணி நிதானமாக, "சாமி பேர்ல நெலம் இருக்கற மாதிரிங்களா?" என்றார். அதேதான். கோயில் நிலம் சாமியின் சொத்து, சாமி சட்டப்படி ஒரு நபர், குத்தகைப் பணம் சாமிக்கு. தினமும் குளிப்பாட்டி, உடுத்தி, நைவேத்தியம் வைத்து, உற்சவத்தில் வீதியுலா கொண்டு போகிறோம். நமக்கு இதில் விசித்திரம் எதுவும் இல்லை. ஆகவே நேராக அதன் விளைவுக்குப் போக முடிந்தது. புது ராஜாவுக்குப் பட்டம் இருக்கிறது, நிலம் இல்லை. அப்படியானால் அவன் என்ன செய்வான்? படையெடுப்பான், புதிதாகப் பிடிப்பான். பேரரசு அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. எங்கள் கதையின் இளவரசன் ஒரு செத்த தாத்தாவிடம் கடன் கேட்டுப் போகிறான். தாத்தா சார்பில் பேசுகிற கிழவி மறுத்துவிடுகிறாள். அந்த ஒரு காட்சியை மூன்று ஞாயிறு ஆடினோம்.

சாலைகளையும் ஓட்டக்காரர்களையும் வேகமாகக் கடந்துவிடுகிறேன். சாஸ்கி என்ற அஞ்சல்காரர்கள் சங்கு ஊதிக்கொண்டு, கை மாற்றிக் கை மாற்றிச் சேதி கொண்டு போன கதை பலருக்கும் தெரியும். பாலத்தைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். அபுரிமாக் ஆற்றின் மேலே கெஸ்வாசாக்கா என்று ஒரு புல் பாலம் இருக்கிறது. ஏறக்குறைய 28 மீட்டர் நீளம். மலைப்புல்லைத் திரித்துக் கயிறாக்கி, கயிறுகளைப் பின்னி வடமாக்கி, நான்கு ஊர்க்காரர்கள் சேர்ந்து வருடா வருடம் ஜூன் மாதத்தில் புதிதாகக் கட்டுகிறார்கள். பழையதை வெட்டி ஆற்றில் விட்டுவிடுவார்கள். 2013-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. இது இன்றைக்கும் நடக்கிறது. கெச்சுவா பேசுகிறவர்கள் பல லட்சம் பேர் இன்றைக்கும் இருக்கிறார்கள். "மறைந்து போன நாகரிகம்" என்று எழுதும்போதெல்லாம் அவர்களை நாம் அழித்துவிடுகிறோம்.

எங்கள் கதையிலும் அந்தப் பாலத்தை வைத்தேன். இரண்டு பகையூர்களுக்கு நடுவில். வருடத்தில் மூன்று நாள், வேண்டாத முகங்களைப் பார்த்துக்கொண்டே சேர்ந்து கயிறு திரிக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு ஊருக்கும் வழியில்லை. சண்டைக் காட்சி எதற்கும் இத்தனை அமைதியாக என் ஆட்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஒரு கட்டத்தில் நான் இந்த நாட்டின் மேல் காதல் கொண்டுவிட்டேன். பசி இல்லை, காசு இல்லை, எல்லாருக்கும் அளந்து போடுகிற அரசு. கதையில் அதைச் சொர்க்கமாகக் காட்ட ஆரம்பித்தேன். அதுவும் தப்புதான். இறகுக் கிரீடம் போட்டால் ஒரு வகைப் பொம்மை, ஒளிவட்டம் போட்டால் இன்னொரு வகைப் பொம்மை. இன்கா அரசு பிடித்த நாடுகளிலிருந்து ஊர் ஊராக மக்களைப் பெயர்த்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக் குடியேற்றியது. மித்மாக் என்று அவர்களுக்குப் பெயர். யார் எந்த இனம் என்று பார்த்ததும் தெரிய வேண்டும் என்பதற்காக, தங்கள் பழைய தொப்பியை, தலையணியை மாற்றக் கூடாது என்று விதி இருந்தது. 1532-ல் ஸ்பானியர் வந்தபோது கன்யாரி, உவான்கா போன்ற மக்கள் அவர்கள் பக்கம் சேர்ந்தது சும்மா இல்லை.

இதைச் சொன்ன வாரம், என் தங்கை தன் பாத்திரத்தை மாற்றிக்கொண்டாள். பெயர்க்கப்பட்ட ஊரில் பிறந்த பெண் அவள் இப்போது. ஒரு நாள் கதையில் அரசவை அவளை மன்னித்து, "இனி நீ எங்களில் ஒருத்தி, அந்தத் தொப்பியை எடுத்துவிடலாம்" என்று சொல்லும் காட்சி. பெரிய பரிசு கொடுக்கிறோம் என்று நினைத்துத்தான் எழுதியிருந்தேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எடுக்க மாட்டேன். அடையாளத்துக்குப் போட்டாங்க. இப்போ அது எங்கம்மாவோட தொப்பி" என்றாள். பகடை உருட்டவே இல்லை. யாரும் பேசவில்லை, கீழே தெருவில் பால்காரர் வண்டி போகும் சத்தம் மட்டும் கேட்டது.

எடுக்காமல் விட்டதும் உண்டு. 1999-ல் யுயையாக்கோ எரிமலை உச்சியில், 6,700 மீட்டர் உயரத்தில், பலியாகக் கொடுக்கப்பட்ட மூன்று குழந்தைகளின் உடல்கள் உறைந்தபடியே கிடைத்தன. அது நடந்ததுதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குழந்தைகளின் முகம் படமாக இருக்கிறது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு அதன் மேல் பகடை உருட்ட எனக்கு மனம் வரவில்லை. அதேபோல இன்றும் மக்கள் கும்பிடுகிற தெய்வங்களின் பெயரை எந்த அரக்கனுக்கும் வைக்கவில்லை. நாட்டுக்கு நெடுவரை என்று பெயர் வைத்தேன். ஆட்கள், ஊர்கள் எல்லாம் நானே உண்டாக்கிய பெயர்கள். இது இன்காக்களின் கதை இல்லை, அவர்களிடம் கற்றுக்கொண்டு நாங்கள் ஆடுகிற கதை என்று முதல் நாளே மாடியில் சொல்லிவிட்டேன்.

தம்பிக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அவன் திருடன் கடைசியில் முடிச்சுக்காரியின் அறைக்குள் நுழைந்துவிட்டான். நான் முடிந்த நிஜக் கயிறு அவன் கையில். ஆறு ஊர், ஆறு கிளை: 214, 130, 87, 305, 42, 161. மேல்கயிற்றில் மொத்தம் 939. கடைசிக் கிளை அவன் ஊர். இந்த வருடம் 161 பேர் சுரங்க வேலைக்குப் போக வேண்டும், அவன் அப்பாவும் அதில் உண்டு. மேலே இருக்கும் அந்த ஒற்றை நூறு முடிச்சை அவிழ்த்தால் 61.

விரலை வைத்துவிட்டான். அண்ணி தன் பாத்திரத்தின் குரலில், "மொத்தத்துலயும் ஒண்ணு அவுக்கணும் கண்ணு, ஒம்பது எட்டாகணும். இல்லைன்னா விடிஞ்சதும் புடிச்சிருவேன்" என்றார். "பருத்தி நூல், அவுத்த எடத்துல நெளிவு நிக்கும்" என்றார் அண்ணன். "மேல்வட்டத்துக்கு ஏற்கெனவே ஒரு நகல் போயிருக்குமே" என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று.

அதையெல்லாம் அவன் யோசித்து வைத்திருந்தான். நெளிவை எடுக்க நூலை நனைத்துக் காய வைப்பது, நகல் கொண்டு போகிற ஓட்டக்காரனைப் பாலத்தில் மடக்குவது எல்லாம். அவன் யோசிக்காதது ஒன்றே ஒன்று. சுரங்கத்துக்கு 939 பேர் வேண்டும். நூறு குறைந்தால் எங்கிருந்தாவது எடுப்பார்கள். கேட்க நாதியில்லாத ஊரிலிருந்து எடுப்பார்கள். 42 பேர் என்று தொங்கும் அந்தச் சின்னக் கிளை பெயர்க்கப்பட்டவர்களின் ஊர், என் தங்கையின் ஊர்.

அவள் எதுவும் சொல்லவில்லை. பொரித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது, மறுநாள் எல்லாருக்கும் வேலை. தம்பி கயிற்றை அவிழ்க்கவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. "வீட்டுக்கு எடுத்துட்டுப் போறனுங்க்கா, அடுத்த வாரம் சொல்றேன்" என்று சட்டைப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு இறங்கிப் போனான்.